வரிக்குதிரைகளுக்கு நடுவே ஒரு சைக்கிள் சவாரி

நேயர்களுக்கு வணக்கம்.

ஆப்பிரிக்க சஃபாரி என்றதும் பலருக்குக் கென்யாவின் மசாய் மாரா சரணாலயம்தான் ஞாபகம் வரும். கூரை திறந்த ஜீப், புல்வெளியில் ஒரு சிங்கம், அதைச் சுற்றி இன்னும் பத்து ஜீப். நல்ல இடம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேலையாக நைரோபி போய், கையில் சனி ஞாயிறு மட்டும் மிஞ்சியிருக்கிற ஒருவர் கேட்டால், நான் மாராவைச் சொல்வதில்லை. பாதி நேரம் சாலையிலேயே போய்விடும். நைவாஷா ஏரிக்குப் போங்கள் என்பேன். நைரோபியிலிருந்து வடமேற்கே சுமார் 90 கிலோமீட்டர். ஏரிக்குத் தெற்கே ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே சைக்கிளில் போய் விலங்கு பார்க்கலாம்.

கென்யாவின் பெரிய பூங்காக்களில் வண்டியை விட்டு இறங்கவே விட மாட்டார்கள். இங்கே நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம், பாறை ஏறலாம். 1984இல் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்கா 68 சதுர கிலோமீட்டர்தான். யானைக் கூட்டமோ சிங்கக் கூட்டமோ இங்கே குடியிருப்பதில்லை. சிறுத்தை உண்டு, பகலில் அது உங்கள் கண்ணில் படுவது அபூர்வம்.

எல்சா வாசல் பக்கத்திலேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். பணம் கொடுக்கும் முன் பிரேக்கை இரண்டு தடவை அழுத்திப் பாருங்கள், சீட்டை உங்கள் உயரத்துக்கு ஏற்றச் சொல்லுங்கள். பாதை மண்பாதை, புழுதி. போகும்போது லேசான இறக்கம் என்பதால் சுலபமாகத் தெரியும். திரும்பும்போதுதான், உச்சி வெயிலில், அது ஏற்றம் என்று புரியும். இடமே கடல் மட்டத்துக்கு 1,900 மீட்டருக்கு மேலே என்பதால் மூச்சும் கொஞ்சம் வாங்கும்.

சரி, சைக்கிளில் போவதால் என்ன வித்தியாசம்? ஜீப்பில் போனால் இதைவிட அதிக மிருகம் பார்க்கலாம். ஆனால் ஜீப்பைப் பார்த்துப் பழகிய மிருகம் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு காலும் இரண்டு கையுமாக மனித உருவம் தனியாகத் தெரிந்தால் கதை வேறு. முதலில் ஒரு வரிக்குதிரை தலையைத் தூக்கும், காதுகள் முன்னால் வரும். அடுத்தது, அதற்கடுத்தது என்று கூட்டமே உங்களைப் பார்க்கும். அவற்றை நோக்கி நேராகத் திருப்பினீர்களானால் ஓட்டம்தான். பாதையோடு, அவசரமில்லாமல், வேறு வேலையாகப் போகிறவர் மாதிரி மிதித்துக்கொண்டிருந்தால் மறுபடி மேயத் தொடங்கிவிடும். எவ்வளவு நெருங்கலாம் என்பதை டிரைவர் தீர்மானிப்பதில்லை. அந்த விலங்கு தீர்மானிக்கிறது. எனக்கு இந்தப் பயணத்தில் பிடித்ததே அதுதான். அப்புறம் சத்தம். எஞ்சின் இல்லாததால் புல்லைப் பிடுங்குகிற சத்தம்கூடக் கேட்கும்.

ஹார்ட்டிபீஸ்ட் என்று நீள முகமுள்ள ஒரு மான் இனம். அதில் ஒன்று கரையான் புற்றின் மேல் ஏறி நின்று காவல் பார்க்கும். வார்ட்ஹாக் பன்றி வாலைக் கம்பி மாதிரி நிமிர்த்திக்கொண்டு குட்டிகளோடு ஓடும். ஒட்டகச்சிவிங்கி மட்டும் ஓடாது, மேலிருந்து பார்த்துக்கொண்டே நிற்கும். பயப்பட வேண்டியது காட்டெருமைக்கு. சாலையோரம் நின்றால், அதுவும் தனியாக நிற்கிற கிழட்டு ஆண் என்றால், தூரத்திலேயே நின்றுவிடுங்கள். பின்னால் ஏதாவது வண்டி வரட்டும், அதை ஒட்டியே கடந்து போகலாம். படம் எடுக்கும் ஆசையில் அதன் கிட்டே போகாதீர்கள்.

வாசல் தாண்டியதுமே ஃபிஷர் கோபுரம் என்கிற 25 மீட்டர் எரிமலைப் பாறை. கயிறு கட்டி ஏற ஆள் இருக்கிறார்கள். அடியில் ஹைராக்ஸ் என்கிற, முயல் அளவுப் பிராணிகள் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அவை யானைக்கு உறவு என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். இரு பக்கச் செங்குத்துப் பாறைகளில் ரூப்பெல் பாறு கழுகுகள் கூடு கட்டுகின்றன. 1973இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் வானில் 11,000 மீட்டருக்கும் மேலே ஒரு விமானத்தில் மோதியது இந்த இனப் பறவைதான். அவ்வளவு உயரம் பறக்கிற பறவை, சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் மேய்ப்பர்கள் விஷம் வைத்த இறைச்சியைத் தின்று கூட்டம் கூட்டமாகச் சாகிறது. இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் பறவைகளில் இதுவும் ஒன்று.

உள்ளே ஓல் நிஜோரோவா என்ற ஆழமான பள்ளத்தாக்கு. குறுகிய பாறைச் சுவர்கள், வெந்நீர் கசிகிற இடங்கள். அழகு சொல்லி மாளாது. ஆனால் வேறெங்கோ மலையில் மழை பெய்தால் போதும், இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே திடீர் வெள்ளம் வந்துவிடும். 2012இல் 7 பேர், 2019இல் மறுபடி 7 பேர் இறந்தார்கள். மூடியிருக்கிறது என்று வனக் காவலர் சொன்னால் வாதாட வேண்டாம். திறந்திருந்தாலும் வழிகாட்டி இல்லாமல் இறங்க வேண்டாம்.

பூங்காவின் மேற்குப் பக்கம் ஒல்காரியா புவிவெப்ப மின்நிலையம், 1981 முதல் ஓடுகிறது. கென்யாவின் மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் இப்படி நிலத்தடி நீராவியிலிருந்துதான் வருகிறது. தேசியப் பூங்காவுக்குள் ஆலையா என்று முகம் சுளிக்கலாம். எனக்கும் முழு சம்மதம் இல்லை. ஆனால் நீராவிக் குழாய்களை அங்கங்கே வளைத்து உயரத் தூக்கியிருக்கிறார்கள், ஒட்டகச்சிவிங்கி அடியில் நடந்து போவதற்காக!

மறுநாள் காலை ஏரிக்குப் படகில் போங்கள். நீர்யானைக் கூட்டம், பாப்பிரஸ் கோரை, ஆகாயத்தாமரை, மீன்கழுகு. சில படகோட்டிகள் மீனுக்குள் கோரைத்தண்டைச் செருகி மிதக்க விட்டு, சீட்டி அடித்துக் கழுகை வரவழைப்பார்கள். படம் நன்றாக வரும், எனக்கென்னவோ அது சர்க்கஸ் மாதிரி படும். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். இரவில் நீர்யானைகள் கரையேறி விடுதிப் புல்வெளி வரை மேய வரும். அதற்கும் தண்ணீருக்கும் குறுக்கே ஒருபோதும் நிற்காதீர்கள்.

தெம்பு மிச்சமிருந்தால் பக்கத்திலேயே லாங்கோனாட் எரிமலை, 2,776 மீட்டர். அதை மதியம் தொடங்காதீர்கள்; மேலே நிழலே கிடையாது.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தும் இடத்துக்கு அனுப்பலாம், அதிகபட்சம் 6 நாள் வரை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். டிக்கெட் எடுக்கும்போதே ஊசிக்கும் நாள் பார்த்துவிடுங்கள்.

வணக்கம்.