செத்துப்போன ஹைதர் அலி கைது உத்தரவு போட்டாரா? | சங்ககிரிக் கோட்டையிலிருந்து

வணக்கம் மக்களே!

ஒரு மனிதர் செத்துவிட்டார். உடல் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அவர் செத்த பிறகு, அவர் பெயரைச் சொல்லியே முகாமில் ஆட்களுக்கு விலங்கு மாட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். பேய்க்கதை இல்லை. 1782 டிசம்பரில் சித்தூர் பக்கம் நடந்தது. செத்தவர் ஹைதர் அலி.

(காட்சி: கோட்டைப் படிகள், கீழே சங்ககிரி ஊர்)

நான் நிற்பது சேலம் மாவட்டம் சங்ககிரி மலைக்கோட்டை. ஹைதர், திப்பு இருவர் கையிலும் இருந்த கோட்டை. தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்ட ஊரும் இதுதான், அதற்குத் தனி வீடியோ வரும். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டால் அது நான் இல்லை, கேமரா பிடிக்கிற தம்பி.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ஹைதர் மைசூர்ப் படையில் சிப்பாயாக மேலே வந்தவர், 1755-ல் திண்டுக்கல்லுக்கு ஃபவுஜ்தார், அதாவது படை அதிகாரி, 1761-ல் மைசூரே அவர் கையில். உடையார் ராஜா பெயருக்கு அரண்மனையில் இருந்தார். அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். படையை வைத்து ராஜாவை ஓரம் கட்டியவர் இவர். தன்னிடம் வளர்ந்து தனக்கே எதிராகத் திரும்பிய காண்டே ராவை, "கிளி மாதிரி பார்த்துக்கொள்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துப் பிடித்து, நிஜமாகவே இரும்புக் கூண்டில் அடைத்துப் பாலும் சோறும் போட்டார் என்று சொல்வார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், என்ன சொல்ல! இப்படிப்பட்ட ஆள் சாகும்போது தன் படையை யாரை நம்பி விடுவார்?

மகன் திப்புவைத்தான். சின்ன வயதிலிருந்தே படை கொடுத்துப் பழக்கிய மகன். ஆனால் ஹைதருக்கு முதுகில் ராஜபிளவை என்ற பெரிய கட்டி முற்றியபோது, திப்பு மலபாரில் பொன்னானிப் பக்கம் ஆங்கிலேயரோடு சண்டையில் இருந்தார். கூகுள் மேப்பில் பொன்னானியிலிருந்து சித்தூர் போட்டுப் பாருங்கள். பாலக்காடு, கோயம்புத்தூர், நம்ம சேலம் எல்லாம் தாண்டி 400 கிலோமீட்டருக்கு மேல். நமக்கு ஒரு நாள் கார்ப் பயணம். அன்றைக்கு?

டிசம்பர் 7-ம் தேதி ஹைதர் இறந்தார். கூடாரத்தில் இருந்தது பூர்ணையா, கிருஷ்ண ராவ் என்ற இரண்டு நிதி அதிகாரிகள். பூர்ணையா கோயம்புத்தூர்ச் சீமைக்காரர், நம்ம பக்கத்து ஆள். இருவரும் யாரும் அழக்கூடாது என்று ஏற்பாடு செய்தார்கள். உடலை வாசனைப் பொடி நிரப்பிப் பெட்டியில் வைத்து, கொள்ளையில் கிடைத்த விலை உயர்ந்த பொருள் போகிற மாதிரி காவலோடு கோலாருக்கு அனுப்பினார்கள். முகாமில் ஹைதர் இன்னும் "உடம்பு சரியில்லாமல்" இருந்தார்!

சரி, வாசனைப் பொடி என்றதும் எனக்கு ஞாபகம் வருவது கருவாடு. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

கி.மு. 210. சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங், சுற்றுப்பயணத்தில் வழியிலேயே சாகக் கிடக்கிறார். மூத்த மகன் ஃபூசூ வடக்கு எல்லையில், தளபதி மெங் தியானோடு. அங்கே 3 லட்சம் படை. பேரரசர் மகனுக்குக் கடிதம் எழுதச் சொன்னார்: படையை மெங் தியானிடம் விட்டுவிட்டு, தலைநகருக்கு வந்து என் காரியத்தை நடத்து. முத்திரை வைத்தாகிவிட்டது. ஆனால் கடிதம் கிளம்பவில்லை, சாவோ காவ் என்ற அரண்மனை அதிகாரியின் கையிலேயே இருந்தது. பேரரசர் கண்ணை மூடினார்.

சாவோ காவ், மந்திரி லி சியையும் சேர்த்துக்கொண்டு, சாவை மறைத்தார். பல்லக்கு வண்டிக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போனது. அதிகாரிகள் வெளியே நின்று விவரம் சொன்னார்கள், உள்ளிருந்து "சரி" என்று பதில் வந்தது. கோடைக்காலம். நாற்றம் வந்துவிட்டது. என்ன செய்தார்கள் தெரியுமா? கூட வந்த வண்டிகளில் மூட்டை மூட்டையாக உப்பிட்ட மீனை ஏற்றினார்கள்! ஏற்காடு பஸ்ஸில் யாராவது ஒரு பை கருவாடு கொண்டுவந்தாலே இருபது கொண்டை ஊசி வளைவும் முடியும் வரை அதே பேச்சுதான். இங்கே உலகத்தின் பெரிய ராஜா, கருவாட்டு வாடைக்குள் ஒளிந்து தலைநகருக்குப் போகிறார். இந்த ஒரு காட்சிக்காகத்தான் இந்த வீடியோவே எடுத்தேன், உண்மையைச் சொன்னால்.

ஃபூசூவுக்குப் போனது வேறு கடிதம்: தற்கொலை செய்துகொள். செய்துகொண்டார். 3 லட்சம் பேர் பக்கத்தில் இருந்தும்! சின்னவன் ஹூஹாய் அரியணை ஏறினான்.

துருக்கி சுல்தான் சுலைமான் 1566-ல் போர்முனையில் இறந்தபோதும், மகன் வரும்வரை மந்திரி சோகொல்லு வாரக்கணக்கில் மூச்சு விடவில்லை.

அதனால் என் கருத்து இது: சாகிற ராஜா கடைசியாக என்ன சொன்னார் என்பதைவிட, சாவி வைத்திருப்பவன் எப்படிப்பட்டவன் என்பதுதான் முக்கியம். பேரரசர் படைக்குச் சரியான ஆளைத்தான் சொன்னார், கடிதத்தைத் தப்பான ஆளிடம் விட்டார். ஹைதரின் கஜானா யாரிடம் இருந்தது, பார்த்தீர்கள் அல்லவா? படை வைத்திருக்காத கணக்குப்பிள்ளைகளிடம். நான் ஹைதருக்கு மார்க் போடுவது இதற்குத்தான்.

இனி கைது. ஹைதரின் உறவினரும் குதிரைப்படைத் தலைவருமான முகமது அமீனுக்கு விஷயம் கசிந்துவிட்டது. பூர்ணையாவையும் கிருஷ்ண ராவையும் தீர்த்துக்கட்டி, கஜானாவைப் பிடித்து, திப்புவின் தம்பி அப்துல் கரீமை உட்காரவைக்கத் திட்டம். ஒரு பிரெஞ்சு அதிகாரியின் வாயிலிருந்து அதுவும் கசிந்தது. உடனே ஹைதரின் உத்தரவு என்று சொல்லி விலங்கு மாட்டினார்கள். ஹைதர் செத்ததை வைத்துச் சதி செய்தவன், "ஹைதர் செத்துவிட்டாரே" என்று எப்படிக் கத்துவான்?

சென்னையில் ஆங்கிலேய ஆளுநர் மெக்கார்ட்னி, இதுதான் சமயம், கிளம்பு என்று அவசரப்படுத்தினார். தளபதி ஸ்டூவர்ட் இழுத்தடித்தார். சில வாரத்தில் திப்பு வந்து படையை எடுத்துக்கொண்டார்.

சேலம் 1792-ல் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சண்டையிலேயே விழுந்த திப்புவுக்கு, யாரையும் கூப்பிட்டு எதையும் ஒப்படைக்க நேரம் கிடைக்கவில்லை. அப்புறம் ஆங்கிலேயர் உட்காரவைத்த ஐந்து வயது உடையார் சிறுவனுக்குத் திவான் யார்? அதே பூர்ணையா!

விசுவாசியா, கெட்டிக்காரரா? கமெண்டில் சண்டை போடுங்கள். தம்பி ஏற்கெனவே கீழே இறங்கிக்கொண்டிருக்கிறான், நானும் போய் டீ குடித்துவிட்டு வந்து படிக்கிறேன்.