கன்ட்ரோலருக்குள் ஒரு சார்ஜர்

(வியாசர்பாடியில் பேட்டரி ஆட்டோ ஓட்டுநர்களிடமும் மெக்கானிக்குகளிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)

அண்ணன்மார்களே, தம்பிகளே, வணக்கம்.

பேசின் பிரிட்ஜ் பாலத்தில் இறங்கும்போது யாரும் ஆக்சிலேட்டர் கொடுப்பதில்லை. ரீஜென், அதாவது வேகம் குறையும்போது மோட்டாரே கரண்ட் எடுக்கும் வசதி, உள்ள வண்டியென்றால், அந்த நேரத்தில் கரண்ட் திரும்பி பேட்டரிக்குப் போகும். மோட்டார் தருவது 20, 30 வோல்ட்தான், பேட்டரியோ 48. பள்ளத்துத் தண்ணீர் மேட்டுக்கு எப்படி ஏறுகிறது?

நம் தெரு அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்குக் கரண்ட் விடும் பெட்டியான கன்ட்ரோலரில், கீழ்ப்பக்க மாஸ்ஃபெட் (எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) ஆன் ஆனால் மோட்டார் காயிலில் கரண்ட் ஏறும். ஆஃப் செய்தால் காயில் சும்மா இருக்காது. ஓடுகிற கரண்டை நிற்க விடாமல், வோல்டேஜை உயர்த்தி, மேல்பக்க டயோடு வழியே பேட்டரிக்குள் தள்ளும். அந்த டயோடுதான் பம்பின் வால்வு. போனது திரும்பி வராது. நொடிக்குப் பல ஆயிரம் முறை இப்படி அடிக்கும்!

சரி, வண்டி நிற்கும்போது வெளியிலிருந்து கரண்ட் கொடுத்தால்? அதே வேலைதான். மூன்று காயிலும் சேரும் ஸ்டார் முனையிலிருந்து ஒரு ஒயர் இழுத்து அங்கே பிளஸ், கன்ட்ரோலரின் நெகட்டிவில் மைனஸ். மூன்றிலும் ஒரே அளவு கரண்ட் போவதால் மோட்டார் சுற்றாது. கலிபோர்னியாவின் ஏசி புரபல்ஷன் கம்பெனி 1990களிலேயே மோட்டாரையும் கன்ட்ரோலரையும் சார்ஜராக்கியது. ரெனோவின் ஸோயி பேட்டரி காரிலும் மோட்டார் காயில் சார்ஜருக்கு உதவியது. 43 கிலோவாட் வரை ஏற்றினார்கள்.

உடனே வீட்டு பிளக்கில் சொருகப் போகாதீர்கள்! 230 வோல்ட்டின் உச்சம் 325. அடிபம்பு மேலே ஏற்றும், கீழே இறக்காது. 325ஐ 48 வோல்ட் பேட்டரியில் விட்டால், மாஸ்ஃபெட் ஆஃபில் இருந்தாலும் டயோடு வழியே கட்டுக்கடங்காமல் பாயும். கார் பேட்டரி 400 வோல்ட் பக்கம் இருப்பதால் வீட்டு லைனின் உச்சம் அதற்குக் கீழேதான். அப்புறம் ஷாக். உங்கள் சார்ஜருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் பேட்டரியை லைனிலிருந்து பிரித்து வைக்கிறது. இதில் அது இல்லை. மழைக்காலத்தில் நம் தெருவில் முட்டியளவு தண்ணீரில் நின்று வண்டியைத் தொடுவதை யோசித்துப் பாருங்கள்.

நமக்கு ஒத்துவருவது சோலார். 12 வோல்ட் பேனல் இரண்டை வரிசையாக இணைத்தால் எதிலும் இணைக்காமல் சும்மா நிற்கையில் 44 வோல்ட் வரும், பேட்டரிக்குக் கீழேதான். ஆனால் கன்ட்ரோலரின் புரோகிராமை மாற்ற வேண்டும். 48 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி 58 பக்கம் வந்ததும் கன்ட்ரோலர் கரண்டைக் குறைக்காவிட்டால் பேட்டரி கொதித்துப்போகும். என்னைக் கேட்டால், வேலையில் முக்கால் பங்கு இந்த புரோகிராம்தான்; ஒயரிங் அரை நாள் வேலை.

மேசையில் ஒரு மோட்டாரைப் பிரித்து வைத்திருக்கிறேன். டீ வந்துவிட்டது, குடித்துவிட்டு வாருங்கள். ஸ்டார் முனை எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டுகிறேன்.