வேலை நேரத்துக்கு வெளியேயும் முதலாளி அதிகாரம் செல்லுமா? செல்லாது!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "பகல்ல ஒரு கம்பெனி, ராத்திரி ஒரு வேலைன்னா, அது ரெண்டு குடும்பம் நடத்துற மாதிரி"ன்னார். நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். முதல் வரிசையில என் வீட்டம்மா இருக்காங்க, தட்டலைன்னா சந்தேகம் வந்துடும்!

ஐயா, எந்தக் கல்யாணத்துல புரொபேஷன் இருக்கு? "இந்தக் காலாண்டு வருமானம் சரியில்ல, ராஜினாமா எழுதிக் குடுத்துடும்மா"ன்னு பொண்டாட்டிகிட்ட சொல்ல முடியுமா? சொல்லித்தான் பாருங்களேன்! அப்ரைசல் உண்டு, ஒத்துக்கிறேன். எங்க வீட்டுல தினமும் நடக்குது.

2022-ல விப்ரோ 300 பேரை வெளியே அனுப்புச்சு. போட்டிக் கம்பெனிக்கு உழைச்சாங்களாம். அது தப்புன்னே வெச்சுக்குவோம். ஆனா 2013 கம்பெனிச் சட்டப்படி ஒரே ஆள் 20 கம்பெனியில இயக்குநரா இருக்கலாம். இருபது! தலைவரே, இது எத்தனை குடும்பம்?

1912-ல சென்னைத் துறைமுகத்துல ஒரு குமாஸ்தா. மாசம் 30 ரூபாய். பேரு ராமானுஜன். பொட்டலம் கட்டுற தாளைத் தேடி எடுத்து, அதுல தன் கணக்கைப் போடுவார். இன்னைக்கு ஹெச்.ஆர். இருந்தா? முதல் மெமோ: அலுவலகத் தாளைத் தொட்டது ஏன்? ரெண்டாவது மெமோ: கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் போட்டு, அதுல சம்பளத்தை வெளியே சொன்னது ஏன்? சொன்னார் சார்! 1913 ஜனவரியில, "வருஷத்துக்கு 20 பவுண்டுதான்"னு அங்கே இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். இதையே இன்னைக்கு லிங்க்ட்இன்ல போட்டா சாயங்காலம் ஐ.டி. கார்டைப் பிடுங்கிடுவாங்க. ஆனா அவரோட மேலதிகாரி நாராயண ஐயர், ராத்திரி கூடவே உட்கார்ந்து சிலேட்டுல கணக்குப் போட்டார்!

எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு, பில்லிங் வேலை. குழந்தை தூங்கின பிறகு ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செஞ்சு இன்ஸ்டாகிராம்ல போடுவா. அப்பாவுக்கு டயாலிசிஸ். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு, ஸ்கிரீன்ஷாட்டை பிரிண்ட் எடுத்து மேசையில வெச்சு, "விளக்கம் எழுதிக் குடு"ன்னார். அவ எழுதலை. அந்தப் பக்கத்தையே அழிச்சுட்டா. "அக்கா, என் கல்யாண ஜாக்கெட் எப்போ ரெடியாகும்?"னு ஒருத்தி கேட்டிருந்த கமெண்ட்டும் சேர்ந்து போச்சு.

எதிரணி சட்டம் பேசட்டும். அந்தப் பொண்ணுக்கு என்ன பதில்னு நடுவர் அவர்களே, நீங்க சொல்லுங்க. நன்றி, வணக்கம்.