அம்மா கற்றுக்கொடுத்த சின்ன துரை

நடுவர் அவர்களே, பந்தலூர்ப் பெருமக்களே, வணக்கம். மழை வருவதற்குள் பேசிவிடுகிறேன்.

பெரிய நிறுவனங்களின் தலைமைக்கு எல்லா இனத்தவரும் வரத் தேவை பயிற்சியா, திறந்த கதவா? நான் கதவின் பக்கம்.

முதலில் எதிரணித் தம்பிக்குப் பதில். "மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சைக்கு யார் கதவைத் திறந்தார்கள்? படித்தார், உயர்ந்தார்" என்று சொன்னார். நீங்களும் கைதட்டினீர்கள். தம்பி, சட்டம் திறந்தது! 1946-ல் அமெரிக்கா இந்தியர்கள் குடியேற ஒதுக்கிய இடம் எவ்வளவு தெரியுமா? ஆண்டுக்கு 100 பேர். இரண்டு கூடலூர் பஸ்ஸில் ஏற்றிவிடலாம். திறமை அப்போதும் நம்மிடம் இருந்தது, கதவுதான் பூட்டியிருந்தது. கறுப்பின மக்கள் தெருவில் இறங்கி, அடிபட்டு, சிறைக்குப் போய் நடத்திய போராட்டத்தால் 1964-ல் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைச் சட்டம் வந்தது. அந்த வேகத்திலேயே 1965-ல் நாட்டுவாரி ஒதுக்கீடும் ஒழிந்தது. அதற்கப்புறம்தான் சென்னையிலிருந்து படிக்கப் போன இந்திரா நூயி அங்கேயே தங்கி 2006-ல் பெப்சிகோவின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். 2015-ல் சுந்தர் பிச்சை கூகுளின் தலைமை நாற்காலியில் அமர்ந்தார்.

நமக்குக் கதவைத் திறந்துவிட்ட கறுப்பினத்தவர் கதி என்ன? அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களைச் சொல்லும் பார்ச்சூன் 500 பட்டியல் 1955-ல் தொடங்கியது. அதில் ஒரு நிறுவனத்துக்குக் கறுப்பினத்தவர் முதன்முதலாகத் தலைமை ஏற்றது 1987-ல், கிளிஃப்டன் வார்ட்டன். அதுவரை அந்த இனத்தில் திறமைசாலியே பிறக்கவில்லையா?

இப்போது அர்சுலா பர்ன்ஸ் கதைக்கு வருகிறேன். நியூயார்க்கில் அரசு கட்டிய ஏழைகள் குடியிருப்பில் தாய் தனியாக வளர்த்த பெண். 1980-ல் கோடை விடுமுறைப் பயிற்சிக்காக ஜெராக்ஸ் கம்பெனியில் நுழைந்த இன்ஜினியர். 1989-ல் ஒரு கூட்டம். ஒருவர் எழுந்து, "எல்லா இனத்தவரையும் சேர்த்தால் தரம் குறையாதா?" என்கிறார். வேலண்ட் ஹிக்ஸ் என்ற உயர் அதிகாரி, குறையாது என்று பொறுமையாக விளக்குகிறார். அர்சுலாவுக்குப் பொறுக்கவில்லை. இந்தக் கேள்வியையும் மதித்துப் பதில் சொல்கிறீர்களே என்று அவரையே கேட்டுவிட்டார்.

யாரை? மேலதிகாரியை! நம் தேயிலை எஸ்டேட்டில் பெரிய துரையை, அதாவது மேனேஜரை, அப்படிக் கேட்டிருந்தால் மறுநாள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் சட்டி பானை கிடந்திருக்கும். சில வாரம் கழித்து ஹிக்ஸ் கூப்பிட்டு அனுப்புகிறார். வேலை போச்சு என்று நினைத்துத்தான் அர்சுலா போகிறார். மறுபடியும் சொல்கிறேன், வேலை போச்சு என்று நினைத்துத்தான் போகிறார்! ஹிக்ஸ் என்ன சொன்னார்? "நீ கவலைப்பட்டது சரி, கேட்ட விதம்தான் சரியில்லை. இனி என்னை அடிக்கடி வந்து பார்." 1990-ல் தன் உதவியாளராகவே வைத்துக்கொண்டார். அடுத்து நிறுவனத் தலைவர் பால் அல்லேரும் அவரைத் தன் உதவியாளராக்கினார். முடிவெடுக்கும் அறையில் உட்கார்ந்தே அர்சுலா தொழில் கற்றார். 2009-ல் ஜெராக்ஸின் தலைமைச் செயல் அதிகாரி. பார்ச்சூன் 500 நிறுவனத்தில் அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினப் பெண். பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நடுவர் அவர்களே. அந்த அறைக்குள் விட்டதுதான் பயிற்சி.

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப, நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் 1964-ல் போட்ட ஒப்பந்தத்தில், தலைமன்னாரில் கப்பலேறி வந்த சிறுமி அவர். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இந்த மலையில் கொழுந்து பறித்தார். எந்தச் சரிவில் எப்போது கொழுந்து முற்றும் என்று பார்த்தாலே சொல்வார். வெளியூரிலிருந்து புதிதாக வந்த உதவி மேனேஜர், சின்ன துரைக்கு மட்டம் பார்த்துப் பறிக்கச் சொல்லிக்கொடுத்தவர் என் அம்மா. அந்தச் சின்ன துரை பெரிய துரை ஆனார். அம்மா கூடையோடு ஓய்வு பெற்றார். அவருக்கு எது குறைவு, நடுவர் அவர்களே? அறிவா? உழைப்பா? ஆபீஸ் படியேறி உள்ளே வா என்று ஒருவர், ஒரே ஒருவர், சொல்லவில்லை.

இந்தப் பந்தலில் கல்லூரிப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். கொழுந்து பறித்த கை கட்டிய பீஸில் படிக்கிறவர்கள். நாளை ஏதோ ஒரு கம்பெனிக் கூட்டத்தில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்கப் போகிறார்கள். அவர்களை உள்ளே கூப்பிட ஒரு ஹிக்ஸ் வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள். வணக்கம்.