புலியைப் பெட்டியிலிருந்து இறக்கியது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். குழந்தைகளின் உடல் பருமனைத் தடுக்கப் பெரிதும் தேவை வீட்டுக் கண்டிப்பா, நாட்டுச் சட்டமா? சட்டமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஜப்பானைக் காட்டினார். அங்கே பிள்ளைகள் அளவாக இருப்பது தாய்மார்களின் வளர்ப்பால்தான் என்றார். ஐயா, அந்தத் தாய்மார்களுக்குத் துணையாக 1954-லேயே பள்ளி மதிய உணவுச் சட்டம் வந்துவிட்டது. 2005-இல் உணவுக் கல்விக்கென்றே இன்னொரு சட்டம். பிள்ளைகளே பரிமாறி, ஆசிரியரோடு அமர்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள். அந்த நல்ல வளர்ப்பில் பாதி, பள்ளியில் நடக்கிறது.

கண்டிப்பு என்ன செய்யும் என்பதற்குச் சிங்கப்பூரைப் பாருங்கள். 1992 முதல் 2007 வரை, எடை கூடிய மாணவர்களைத் தனியே பிரித்துக் கூடுதல் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். பருமன் குறைந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திட்டத்தின் சுருக்கப்பெயரான TAF என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் 'குண்டு' என்று பொருள் வரும். அதைச் சொல்லியே சக மாணவர்கள் கேலி செய்தார்கள். மற்றவர்கள் விளையாடும்போது தான் மட்டும் ஓடிய அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. அதுவும் அரசு செய்ததுதானே என்பீர்கள். அரசு செய்தாலும் அது கண்டிப்புதான். திருத்தப் பார்த்தது குழந்தையை.

சிலி நாடு திருத்தியது கடையை. 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, கலோரி எது வரம்பு மீறினாலும் பொட்டலத்தின் முகப்பில் எட்டு மூலைக் கறுப்பு முத்திரை விழும். முத்திரை விழுந்ததைப் பள்ளியில் விற்கக் கூடாது. 14 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது. பிள்ளைகளை இழுக்கக் காலை உணவுத் தானியப் பெட்டியில் படமாகச் சிரித்துக்கொண்டிருந்த கார்ட்டூன் புலிகூட இறங்கிப் போனது! முதல் ஒன்றரை ஆண்டில் முத்திரை பெற்ற பானங்களை மக்கள் வாங்குவது ஏறத்தாழ 24 விழுக்காடு குறைந்தது.

பிரிட்டனில் சர்க்கரை பானங்களுக்கு வரி வருமென்று 2016-இல் அறிவித்தார்கள். 2018 ஏப்ரலில் வரி வருவதற்குள்ளேயே பாதிக்கு மேற்பட்ட தயாரிப்பாளர்கள் சர்க்கரையைக் குறைத்துவிட்டார்கள். இதற்காக எந்தத் தாயும் கடையில் பிள்ளையோடு மல்லுக்கட்டவில்லை.

மறுபடியும் சிலிக்கு வருகிறேன். அங்கே ஆய்வாளர்களிடம் பேசிய அம்மாக்கள் சொன்னார்கள்: முத்திரை இருப்பதை வாங்க வேண்டாம் என்று இப்போது பிள்ளைகளே எங்களைத் தடுக்கிறார்கள். நடுவர் அவர்களே, அந்த வீடுகளில் கண்டித்தது யார் என்பதை எதிரணியே சொல்லட்டும். நன்றி, வணக்கம்.