வெளுத்ததெல்லாம் பாலல்ல

அவைத் தலைவர் அவர்களே, இரண்டு கல்யாணத்துக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, மண்டபத்தை வாடகையில்லாமல் தந்த அரிசி ஆலை ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்த செயலாளருக்குத் தனி வணக்கம்.

ஊமை அன்னத்தைப் பற்றி மூன்று செய்தி சொல்ல வந்தேன்: உருவம், குணம், பரவிய கதை.

உருவம், ஆரஞ்சு அலகு. அது நெற்றியோடு சேரும் இடத்தில் கறுப்புப் புடைப்பு, ஆணுக்குச் சற்றுப் பெரிது. சிறகு விரித்தால் 2 மீட்டருக்கு மேல். பேருக்குத்தான் ஊமை; கோபம் வந்தால் சிறகைத் தூக்கிக்கொண்டு சீறும். பார்க்க அத்தனை வெள்ளை. ஆனால் வெளுத்ததெல்லாம் பாலல்ல!

கதையைக் கேளுங்கள். ஐரோப்பாவும் ஆசியாவும் இதன் தாய்வீடு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கப் பணக்காரர்கள் மாளிகைக் குளத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். அங்கே மேரிலாந்து மாநிலத்தில், செசபீக் விரிகுடாப் பக்கம், 1962-ல் வளர்த்த இடத்திலிருந்து ஐந்தே ஐந்து தப்பின. ஐந்து! இந்த மேடையில் நாங்கள் அதைவிட அதிகம் பேர் உட்கார்ந்திருக்கிறோம். 1999-ல் எத்தனை தெரியுமா? சுமார் 4,000! ஒவ்வொன்றும் தினம் மூன்றரைக் கிலோ நீரடிப் புல்லைத் தின்றது. நண்டுக் குஞ்சும் மீன் குஞ்சும் ஒளிந்து வளர்கிற புல் ஐயா அது! ஆலா என்கிற கடற்பறவைகள் மணல்திட்டில் முட்டையிட்டால், அதையும் மிதித்துத் துவைத்தது. குறைக்கலாம் என்று அரசு புறப்பட்டால், "இவ்வளவு அழகான பறவையையா?" என்று வழக்கு. 2001-ல் தீர்ப்பு அன்னத்தின் பக்கம். 2004-ல் வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டத்தையே திருத்தி, மனிதன் கொண்டுவந்து விட்ட அயல் பறவைக்குப் பாதுகாப்பில்லை என்றார்கள். அதன் பிறகுதான் எண்ணிக்கை இறங்கியது.

குணத்தைப் பேசவில்லை. செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், பரவாயில்லை. நான் வந்த காரியம் வேறு. நம் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் "டேங்க் கிளீனர்" மீன் வாங்கி விடுகிறோமே, தென் அமெரிக்காக்காரன். பெரிதானதும் ஏரியில் கொட்டிவிட்டுப் புண்ணியம் என்கிறோம். அது கரையைக் குடைந்து முட்டையிடுகிறது, வலையைக் கிழிக்கிறது. அழகுக்கு வாங்கியதுதான் அதுவும். வெளுத்ததெல்லாம் பாலல்ல என்று மறுபடி சொன்னால் கோபிக்காதீர்கள்.

வேண்டாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். "வளர்ப்பு மீனை விடாதீர்" என்று ஊர்க் குளத்தில் பலகை வைக்கக் கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறோம். வாசல் மேசையில் பேனாவும் இருக்கிறது. முதல் கையெழுத்தை அம்மையார் அவர்கள் போட வேண்டும். அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால்.