உதிராததைப் பாருங்கள்

நண்பர்களே, வணக்கம். வெள்ளைத் துணி கட்டி விளக்குப் போட்டால், கொஞ்ச நேரத்தில் அந்துப்பூச்சிகள் வந்து உட்காரும். உடனே எல்லாரும் கேட்பது, "இந்தப் பழுப்புப் பூச்சி எந்த இனம்?" நிறத்தில் தொடங்குவதுதான் சிக்கல். சிறகின் நிறம் செதில்களில் இருக்கிறது, செதில்கள் தூளாக உதிரும். பல ராத்திரி பறந்த பூச்சியையும் நேற்றுக் கூட்டை விட்டு வந்ததையும் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒரே இனம் என்று நம்பவே மாட்டீர்கள்.

முதலில் உணர்கொம்பைப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சிக்கு நுனி குண்டாக இருக்கும். அந்துப்பூச்சிக்குப் பெரும்பாலும் நூல் போலவோ இறகு போலவோ இருக்கும். அட்லஸ் அந்துப்பூச்சியின் ஆணுக்கு அந்த இறகு அகலம், பெண்ணின் வாசனையைத் தூரத்திலிருந்தே பிடிக்க வேண்டுமே!

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு. பின்சிறகின் அடியில் ஒரு முள்மயிர் இருக்கும். அது முன்சிறகின் கீழே உள்ள கொக்கியில் மாட்டிக்கொள்வதால் இரண்டு சிறகும் ஒன்றாக அசைகின்றன. பெரும்பாலான குடும்பங்களில் ஆணுக்கு அது தடித்த ஒரே மயிர், பெண்ணுக்கு மெல்லிய பல மயிர்கள். ஒரு கைலென்ஸ் போதும், ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். அட்லஸுக்கு அந்த மயிரே கிடையாது. பின்சிறகின் அடிப்பகுதி அகன்று முன்சிறகோடு படிந்து அந்த வேலையைச் செய்கிறது.

செதில் போனாலும், சிறகில் கோடுகளாக ஓடும் நரம்புகள் நிற்கும். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஹாம்ப்சன், 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளில் இந்திய அந்துப்பூச்சிகளை விவரித்தபோது, நரம்பு அமைப்பைத்தான் பெரிதும் பிடித்துக்கொண்டார்.

நிறமே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதுகில் மண்டையோடு தெரியும் பூச்சியை அபசகுனம் என்று அடித்துவிடுகிறார்கள். பாவம், அது தேனடையில் தேன் குடிக்கப் போகிற பிராணி, நம்மை ஒன்றும் செய்யாது. நம் நாட்டில் அதில் இரண்டு இனங்கள். பின்சிறகு மஞ்சளாக இரண்டு கரும்பட்டைகளோடு இருந்தால் ஒன்று, அடிப்பகுதியில் பெரிய கருந்திட்டு இருந்தால் இன்னொன்று. படம் எடுக்கும்போது பின்சிறகும் தெரியட்டும்.

பயிரைத் தின்னும் மக்காச்சோளப் படைப்புழுவும் ஓர் அந்துப்பூச்சியின் புழுதான். அது 2018-இல் கர்நாடகத்தில் தென்பட்டது, பிறகு நம் வயல்களுக்கும் வந்தது. அதன் பெண் பூச்சியின் சிறகில் அடையாளம் மங்கல். உறுதி செய்ய இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். வயலில் நிற்பவருக்கு அது முடியுமா? அவர் புழுவைப் பார்க்கட்டும். தலையில் தலைகீழான ஆங்கில ஒய் எழுத்து, வால்பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். இரண்டும் இருந்தால் அன்றைக்கே வேளாண்மை அலுவலரிடம் காட்டிவிடுங்கள்.